போன் கம்ப்யூட்டரோடு சிங்க் ஆகவில்லையா? அவசரப்பட்டு இதையெல்லாம் செய்யாதீர்கள்

போனில் இருக்கும் படமோ கான்டாக்ட்டோ கம்ப்யூட்டருக்கு வரவில்லை என்றால் நம்மில் பலர் உடனே கை வைப்பது ரீசெட்டில்தான். அக்கவுன்ட்டை நீக்கு, ஆப்பை அழி, டேட்டாவை கிளியர் பண்ணு, மறுபடி போடு. சிங்க் நின்றுபோனதால் மட்டும் பெரும்பாலும் எதுவும் தொலைவதில்லை, அதைச் சரிசெய்கிறேன் என்று இறங்கும்போதுதான் தொலைகிறது. எனவே எதையும் அழிப்பதற்கு முன்னால், எந்தப் பக்கம் எல்லாம் முழுசாக இருக்கிறது, போனிலா, கம்ப்யூட்டரிலா, இணையக் கணக்கிலா என்று பார்த்துவிடுங்கள்.

கான்டாக்ட் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். ஆண்ட்ராய்டில் புது நம்பரைச் சேமிக்கும்போது போன், சிம், கூகுள் கணக்கு என்று மூன்று இடங்கள் இருக்கின்றன, நாம் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. போனிலோ சிம்மிலோ சேமித்த நம்பர் கம்ப்யூட்டரில் கூகுள் கான்டாக்ட்ஸைத் திறந்தால் தெரியாது. அது கோளாறே இல்லை, அந்த நம்பர் கணக்குக்குள் போகவே இல்லை, அவ்வளவுதான். இது தெரியாமல் போனில் நம்பர்களைச் சேர்த்து வைக்கும் கான்டாக்ட்ஸ் ஸ்டோரேஜ் என்ற சிஸ்டம் ஆப்பின் டேட்டாவை கிளியர் செய்தால், போனில் மட்டும் இருந்த நம்பர்கள் போனது போனதுதான். முதலில் கான்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்து எல்லா நம்பரும் அடங்கிய ஒரு விசிஎஃப் ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எதை வேண்டுமானாலும் நோண்டலாம்.

அடுத்து கேபிள். சார்ஜ் ஏறுகிறது, அதனால் கேபிள் நல்ல கேபிள் என்று முடிவு கட்டாதீர்கள். பழைய யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் மொத்தம் நான்கு கம்பிகள், இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. நெக்பேண்டோடும் பவர்பேங்கோடும் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் டேட்டா கம்பிகளே இருக்காது. அதைச் செருகிவிட்டு டிரைவரை, அதாவது போனை கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் மென்பொருளைத் தேடி மணிக்கணக்காக அலைவதில் அர்த்தமில்லை, டேட்டா போகும் என்று தெரிந்த வேறு கேபிளை ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

கேபிள் சரிதான் என்றால் போனின் லாக்கைத் திறந்தீர்களா? ஆண்ட்ராய்டு போன் வழக்கமாக வெறும் சார்ஜிங் நிலையில்தான் இணையும், நோட்டிஃபிகேஷனை இழுத்து ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதை நாம்தான் தொட வேண்டும். ஐபோன் என்றால் இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று கேட்கும், அதற்கு டிரஸ்ட் கொடுத்து பாஸ்கோடும் போட வேண்டும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டால் படங்கள் கண்ணில் படாது. மேக் கம்ப்யூட்டரில் ஆண்ட்ராய்டைச் செருகிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று கவலைப்படுபவர்களுக்கு: ஃபைல்களை அனுப்ப ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் எம்டிபி முறை மேக்கில் தானாக வராது, தனி மென்பொருள் வேண்டும்.

கட் பேஸ்ட் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். எம்டிபியில் போன் ஒரு பென் டிரைவ் மாதிரி முழுசாகத் திறந்து கிடப்பதில்லை, கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டு வாங்குகிறது. ஐந்தாயிரம் படங்களை கட் செய்து நகர்த்தும்போது பாதியில் கேபிள் ஆடினால், எது வந்தது எது வரவில்லை என்பதே குழப்பமாகிவிடும். காப்பி செய்யுங்கள், எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா பாருங்கள், நாலைந்தைத் திறந்து பாருங்கள், அதன் பிறகு போனில் அழியுங்கள்.

ஐபோனிலிருந்து விண்டோஸுக்குப் படம் எடுக்கும்போது, இணைக்கப்பட்ட சாதனம் இயங்கவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு எரர் வந்து பாதியில் நிற்கும், பலர் போனே கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுகிறார்கள். ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற பட வடிவில் சேமித்துவிட்டு, அனுப்பும்போது எங்கும் திறக்கும் ஜேபெக் வடிவுக்கு மாற்ற முயல்வதால் வரும் தடங்கல்தான் இது பெரும்பாலும். செட்டிங்ஸில் ஃபோட்டோஸுக்குள் போய், மேக் அல்லது பிசிக்கு மாற்றுவது பற்றிய பகுதியில் ஆட்டோமேட்டிக் என்று இருப்பதை கீப் ஒரிஜினல்ஸ் என்று மாற்றுங்கள். ஐகிளவுடில் ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: அசல் படங்கள் பல போனிலேயே இருக்காது, ஆப்பிளின் இணையக் கணக்கான ஐகிளவுடில்தான் இருக்கும், அவற்றை கேபிளில் எதிர்பார்க்க முடியாது.

சிங்க்கை பேக்கப் என்று நினைப்பதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கம்ப்யூட்டரில் இடம் காலி செய்கிறேன் என்று கூகுள் ஃபோட்டோஸில் படத்தை அழித்தால், கணக்கிலிருந்தும் அதே கணக்கில் இருக்கும் போனிலிருந்தும் அது போகும். பேக்கப் ஆன படம் என்றால் டிராஷில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்று தனியாகவே இருக்கிறது. கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடம் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது, 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் அதில் சேரும், நிரம்பிவிட்டால் புதுப் படங்கள் ஏறாது.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஒரே ஃபோல்டரை இரண்டு சிங்க் ஆப்களுக்குக் கொடுக்காதீர்கள், ஒரே ஃபைல் நாலு பிரதியாக முளைக்கும். போனின் தேதி நேரத்தைக் கையால் மாற்றி வைக்காதீர்கள், பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துவராமல் லாகினே ஆகாது. பேட்டரி சேவரும் வைஃபை மட்டும் என்ற அமைப்பும் போட்டுவிட்டு சிங்க்கைத் திட்டாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் விண்டோஸ் போனைக் கண்டுகொள்ளவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் போனின் பெயரை அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகுங்கள். இதைத் தயங்காமல் செய்யலாம், நீங்குவது கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர் பதிவு மட்டும்தான், போனில் இருக்கும் எதையும் அது தொடாது.