கண்காட்சிச் சேவலும் அடைக்கோழியும்: மலையில் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்து ஓரமாகப் பத்துக் கோழி வைத்திருந்தவர்கள் எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் குஞ்சு விற்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். நான் செய்த தவறுகளையும் என்னிடம் வாங்கியவர்கள் புலம்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெரிய தவறு, கண்காட்சி அளவுகோலை வீட்டுக் கோழிக்கும் வைப்பது. திண்டுக்கல்லில் நடக்கும் கிளிமூக்கு விசிறிவால் (கிளி மாதிரி வளைந்த மூக்கும் நீண்ட வாலும் உள்ள சேவல்) கண்காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் கை அரிக்கும், எனக்கும் அரித்தது. அங்கே பார்ப்பது மூக்கின் வளைவு, வாலின் நீளம், நிறம், நிற்கிற தோரணை. இந்தச் சேவலின் தாய் எத்தனை முட்டை இட்டது, எத்தனை குஞ்சு இறக்கியது என்று ஒருவரும் கேட்பதில்லை. கூண்டில் நிற்கிற கோழியைப் பார்த்து அதைச் சொல்லவும் முடியாது. நம் ஊர் மட்டும் இல்லை, இங்கிலாந்தில் 1865லும் அமெரிக்காவில் 1874லும் இனத்தர விதிகளைப் புத்தகமாகப் போட்டபோதும் பெரும்பாலும் உருவத்தையும் நிறத்தையும் வைத்துத்தான் மதிப்பெண்.

நான் மூன்று வருடம் வாலை மட்டும் பார்த்துச் சேவல் நிறுத்தினேன். நல்லா அடை உட்காரும் பெட்டைகள் வால் குட்டைச் சேவலாகப் பெறுகின்றன என்று சந்தைக்கு அனுப்பிவிட்டேன். நாலாவது வருடம் முட்டை இருந்தது, உட்கார ஆள் இல்லை. கனத்த பெட்டை ஒன்று உட்கார்ந்து இரண்டு முட்டையை மிதித்து உடைத்ததுதான் மிச்சம். கடைசியில் பக்கத்துத் தோட்டத்து ஆயாவிடம் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி ஒன்றைக் கேட்டு வாங்கி அடை வைத்தேன். அந்தக் குட்டிக்கோழி மார்கழி மூடுபனியிலும் 21 நாளும் கூடையை விட்டுச் சரியாக இறங்காமல் கிடந்து குஞ்சு பொரித்துக் கொடுத்தது. அப்புறம் அந்த வால்! சாரல் பிடித்தால் ஈரப்புல்லில் இழுபட்டு, சாயங்காலம் பார்த்தால் சேறு ஒட்டிய துடைப்பம் மாதிரி இருக்கும். கண்காட்சிச் சேவலுக்கு ஐப்பசி, கார்த்திகையில் கூரைக்கு அடியில் காய்ந்த தரை வேண்டும், மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு வால் போச்சே என்று அழக்கூடாது.

இன்னொன்று, பூவை, அதாவது கொண்டையைப் பார்த்து ‘ஒரிஜினல்’ என்று விற்பது. கிளிமூக்கு சேர்ந்த அசில் வகைக்குத் தலையோடு ஒட்டிய சின்னப் பூ இருக்கும், மலைக்கு அது நல்லதும்கூட, உறைபனி விழும் நாளில் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக்கொண்டைதான் முதலில் கருகும். ஆனால் அந்தச் சின்னப் பூவின் குணம் தூக்கலாக வெளிப்படும் குணம். சாதாரணக் கோழியோடு கலந்து வந்த அரைரத்தக் குஞ்சுக்கும் ஏறக்குறைய அதே மாதிரிப் பூ வந்துவிடும். அந்த அரைரத்தத்தில் சேவலையும் பெட்டையையும் சேர்த்தால் நாலில் ஒன்று ஒற்றைக்கொண்டையோடு வந்து நிற்கும், வாங்கினவர் உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

அதேபோல ஒருநாள் குஞ்சைக் காட்டி, ‘அப்பா மாதிரியே வரும்ணே’ என்று கண்காட்சி விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூக்கும் வாலும் எப்படி வரும் என்று அந்த வயதில் யாருக்கும் தெரியாது. குஞ்சைக் குஞ்சு விலைக்குக் கொடுங்கள், பொறுக்கி எடுத்ததை மாதங்கள் கழித்துத் தனி விலைக்குக் கொடுங்கள். நல்ல சேவலின் குணத்தை நிலைநிறுத்துகிறேன் என்று அதன் மகளோடே திரும்பத் திரும்பச் சேர்ப்பதும் நடக்கிறது. கூமுட்டை கூடும், குஞ்சு நோஞ்சானாகும். வேறு ஊரிலிருந்து ஒரு சேவல் கொண்டுவந்தால் போதும். ஆனால் வந்ததை ஒரு மாதம் தனியாகப் பஞ்சாரத்தில் வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய் ஒரு கோழியோடு நிற்காது, கொட்டகையே காலியாகும்.

கீழேயிருந்து குஞ்சு வாங்குவோர் மாசி கழிந்து வாங்குவது நல்லது. முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும், வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். மின்சாரம் போகிற ஊரில் ஒரே பல்பை நம்பாதீர்கள். அடை முட்டை வத்தலக்குண்டு வளைவுகளில் ஆடி வந்திருந்தால் அகன்ற மொட்டைப்பக்கம் மேலாக வைத்து ஒருநாள் அசையாமல் விட்டு அடை வையுங்கள்.

நான் இப்போது இரண்டு கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறேன், காலில் வேறு வேறு நிற வளையம். கேட்பவரிடம் முதல் கேள்வி, கண்காட்சிக்கா, வீட்டுக்கா? ‘சண்டைக்கு’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுவேன், 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி மிருகங்களைச் சண்டைக்குத் தூண்டுவது குற்றம். வீட்டுக்கு என்பவருக்கு வால் குட்டையாக இருந்தாலும் அடை உட்காரும் பெட்டையின் மகளைத்தான் கொடுக்கிறேன், அந்த ஆயாவின் சிறுவிடை வழியில் வந்தவை இப்போது என்னிடம் ஏழு இருக்கின்றன.