பக்கவாதம்: வீட்டில் முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

எங்கள் பெரியம்மா ஒரு நாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது, இடது கடைவாய் வழியாகக் காபி வழிந்து புடவையில் சொட்டியது. அவர் அதை உணரவே இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, பேச்சு குழறிய பிறகுதான் பதறினோம். அப்போதும் பக்கத்திலிருந்த சிறிய மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது, குளுகோஸ் ஏற்றினார்கள், பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. இன்றும் அவருக்கு இடது கையால் புடவைக் கொசுவத்தைப் பிடிக்க முடிவதில்லை. அன்று எங்களுக்குத் தெரியாமல் போனதை, நீங்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பக்கவாதம் என்பது மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பாக இருந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இரத்தக் கசிவாக இருந்தால் அதே ஊசி உயிருக்கே ஆபத்து. இரண்டில் எது என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். எவ்வளவு அனுபவம் உள்ளவரானாலும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

1. சந்தேகம் வந்த உடனே மூன்று சோதனைகள்

பல் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதா என்று பாருங்கள். கண்களை மூடி, உள்ளங்கைகள் மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பத்து விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் தானாகக் கீழே இறங்கினால் அது முக்கியமான அறிகுறி. "இன்று வெள்ளிக்கிழமை, கடைக்குப் போக வேண்டும்" என்பது போன்ற எளிய வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொற்கள் குழறினாலோ, நீங்கள் சொல்வதே அவருக்குப் புரியாவிட்டாலோ கவனிக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் போதும். திடீரென நடை தள்ளாடுவதும் பார்வை மங்குவதும்கூடப் பக்கவாதமாக இருக்கலாம்.

2. நேரத்தைக் குறியுங்கள்

இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். மருத்துவர் கேட்பது நீங்கள் அறிகுறியைக் கவனித்த நேரத்தை அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை. இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை ஆறு மணிக்குக் கை விழுந்த நிலையில் எழுந்தால், கணக்கு இரவு பத்து மணியிலிருந்துதான் தொடங்கும். எங்களிடம் கேட்டபோது ஆளுக்கொரு நேரம் சொன்னோம். காலை ஐந்தே முக்காலுக்குப் பெரியம்மா வாசலுக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி, பால்காரரிடம் சில்லறைக் கணக்குப் பேசியிருந்தார் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இப்படிப்பட்ட சிறிய தகவல்தான் அந்த நேரத்தில் தேவைப்படுகிறது. ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

3. 108-ஐ அழையுங்கள்

பக்கவாதம் என்று சந்தேகிப்பதாகத் தெளிவாகச் சொல்லி, முகவரியையும் பக்கத்தில் உள்ள அடையாளத்தையும் கூறுங்கள். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டியை அழைத்து வரட்டும். ஆம்புலன்ஸ் வர அதிக நேரமாகும் என்று தெரிந்தால் காரில் கிளம்பலாம். ஆனால் பின் இருக்கையில் ஒருவர் நோயாளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் வழியிலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்ல வேண்டும்.

4. வண்டி வரும் வரை

வாய் வழியாக எதையும் கொடுக்காதீர்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம். விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் வேண்டாம். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று கூடுதல் மாத்திரையும் கொடுக்க வேண்டாம். விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தியை நம்பி ஒரு நிமிடத்தையும் வீணாக்காதீர்கள். எண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான்.

மயக்கமோ வாந்தியோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு எளிதில் நழுவிவிடும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரையைப் பாருங்கள், ஏனெனில் சர்க்கரை மிகவும் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றலாம். அளவு 70-க்குக் கீழே இருந்தால் தொலைபேசியில் 108-க்குத் தெரிவித்து, அவர்கள் சொல்வதன்படி செய்யுங்கள். நீங்களாகச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அழைத்தும் அசைவில்லாமல், மூச்சும் இயல்பாக இல்லாவிட்டால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாகவும் அழுத்தமாகவும் அமுக்கத் தொடங்குங்கள்.

5. எங்கே போவது?

அருகில் இருக்கும் மருத்துவமனையை விட, இரவு பகலாக சி.டி. ஸ்கேன் இயங்குவதும் கட்டி கரைக்கும் ஊசி போடுவதுமான மருத்துவமனைதான் தேவை. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

வழியிலேயே கை சரியாகி, பேச்சும் தெளிந்துவிட்டால் திரும்பி வந்துவிடத் தோன்றும். வரக்கூடாது. தானாகச் சரியாகும் அந்தச் சிறிய தாக்குதலுக்குப் பின் அடுத்த சில நாட்களில் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

நாளை காலையே உங்கள் ஊருக்கு அருகிலுள்ள இரண்டு மருத்துவமனைகளைத் தொலைபேசியில் அழைத்து, "இரவிலும் சி.டி. எடுப்பீர்களா? பக்கவாதத்துக்குக் கட்டி கரைக்கும் ஊசி போடுவீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்று சொன்ன மருத்துவமனையின் அவசரப் பிரிவு எண்ணை, வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பெயர்களோடு பெரிய எழுத்தில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுக் காகிதத்தைப் பத்து வயதுப் பிள்ளையும் படிக்கும் உயரத்தில் ஒட்டியிருக்கிறோம்.