வாஷிங் மெஷினில் தண்ணீர் சூடாகவில்லையா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

சிங்கப்பூரில் வாஷிங் மெஷினின் ஹீட்டர் கெட்டுப்போனால் பல மாதங்களுக்கு யாருக்கும் தெரியாது. குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. 30 டிகிரி வாஷில் ஹீட்டருக்குப் பெரிதாக வேலையே இல்லை. துண்டில் வாடை, கதவு ரப்பரில் கறுப்புப் பூஞ்சை என்று வந்த பிறகுதான் சந்தேகம் எழும். அதற்கப்புறம் அவசரத்தில் செய்யும் தவறுகள் காசையும் கரைக்கும், ஆபத்தையும் இழுத்து வரும்.

முதல் தவறு, வாஷ் முடிந்ததும் துணியைத் தொட்டுப் பார்த்து முடிவுகட்டுவது. அலசுவது பச்சைத் தண்ணீரில்தான். எனவே ஹீட்டர் நன்றாக இருந்தாலும் துணி குளிர்ந்துதான் வெளியே வரும். துணி போடாமல் 60 டிகிரி காட்டன் வாஷ் வையுங்கள். எக்கோ, குயிக் எதுவும் வேண்டாம். அவற்றில் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டாமலே போகலாம். அரை மணி நேரம் கழித்துக் கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையை வையுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் ஹீட்டருக்குச் சுமார் கால் மணி நேரம் போதும், ஆகவே அதற்குள் கண்ணாடி நன்றாகச் சுட வேண்டும். கண்ணாடிக்கு வெளியே பிளாஸ்டிக் மூடி இருந்தால் சூடு மெதுவாகத்தான் தெரியும், கொஞ்சம் பொறுங்கள்.

மேலே திறக்கும் மெஷின்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. ஆளைக் கூப்பிடுவதற்கு முன் கையேட்டை ஒருமுறை புரட்டுங்கள்.

இருப்பதிலேயே மோசமான தவறு இன்னொன்று. வாஷ் தொடங்கிச் சில நிமிடங்களில், தண்ணீர் சூடாகத் தொடங்கும் நேரத்தில், வீடு முழுக்கக் கரண்ட் போகிறது. டிபி பெட்டியில், அதாவது வீட்டின் மின்சுவிட்சுப் பெட்டியில், ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருக்கிறது. உடனே அதைத் தூக்கிவிட்டு மறுபடி மெஷினைப் போடுகிறோம். மறுபடி விழுகிறது, மறுபடி தூக்குகிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஹீட்டரின் உலோக உறை விரிசல் விட்டு உள்ளே ஈரம் போயிருந்தால் மின்சாரம் கசியும். அந்தக் கசிவை உணர்ந்து உங்களைக் காப்பாற்றத்தான் அது விழுகிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். அது மறுபடி விழாமல் நின்றால் மெஷினில்தான் கோளாறு என்று கொள்ளலாம். சரிபார்க்கும்வரை பச்சைத் தண்ணீர் வாஷ்கூட வேண்டாம். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் சிலவற்றில் ஆர்சிசிபி இல்லாமலே இருந்தது. 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது கட்டாயம். உங்கள் வீட்டில் இன்னும் இல்லையென்றால், ஹீட்டரை விட்டுவிட்டு முதலில் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து அதைப் பொருத்துங்கள்.

சமையலறையில் இடமில்லை என்று மல்டிபிளக்கில் மெஷினோடு ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் சேர்த்துச் செருகுவதும் தவறு. ஹீட்டர் மட்டுமே 9 ஆம்பியர்வரை இழுக்கும். சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் அது சூடேறிக் கருகிய அடையாளம். மெஷினுக்குச் சுவரிலுள்ள 13 ஆம்பியர் சாக்கெட்டைத் தனியாக விடுங்கள்.

கெட்டிலில் கொதிக்கவைத்த தண்ணீரை சோப்புத் தட்டில் ஊற்றுவதும் வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் அதற்காகச் செய்ததல்ல.

சோதித்துப் பார்க்காமல் “ஹீட்டர் மாற்றணும்” என்று சொல்லும் ஆளிடம் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். மீட்டரை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 2000 வாட் ஹீட்டர் நன்றாக இருந்தால் 26 ஓம் அருகே காட்டும். அளவு சரியாக இருந்தால் கோளாறு சூட்டை அளக்கும் சென்சாரிலோ, கழன்ற வயரிலோ, போர்டில் ஹீட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயிலோ இருக்கலாம். அப்போது புது ஹீட்டர் போட்டும் பயனில்லை.

வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையா? காசு கொடுத்துப் பழுதுபார்க்காதீர்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருள்களுக்கான ‘லெமன்’ சட்டப்படி, அந்தக் காலத்துக்குள் தெரியும் குறை பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது கடைக்காரர்தான். ரசீதோடு கடைக்குப் போய் முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரச் சொல்லுங்கள்.

பழைய மெஷின், செலவு கட்டாது என்றால், அதைத் தூக்கிப்போக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். 2021 ஜூலை முதல், புது மெஷினைக் கொண்டுவந்து தரும்போது பழையதைக் கடையே இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும். வாங்கும்போதே சொல்லிவையுங்கள்.