கலப்புச் சிலுவைக் கல்லை வரைவது எப்படி

கிறிஸ்தவச் சிற்பமும் பழைய ஸ்காண்டிநேவியக் கடவுள் கதைகளும் ஒரே கல்லில் கலந்திருக்கும் காஸ்ஃபோர்த் சிலுவையை வரைய ஆசைப்படுகிறவர்களை நான் முதலில் பரங்கிமலைக்குத்தான் அனுப்புவேன். அங்கே மாதா கோயில் பலிபீடத்துக்குப் பின்னால் பதித்திருக்கும் கல் 1547-ல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. சிலுவையைச் சுற்றி பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்து, மேலே புறா, தூண்களின் மேல் மகரம். மகரத்தை நாம் கோயில் தோரணத்தில் பார்த்தே வளர்ந்தவர்கள். ஒரே கல்லில் இரண்டு ஊர்ச் சங்கதி சண்டையில்லாமல் இருப்பதைக் கண் பழகட்டும். திருப்பலி நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.

வெளிச்சத்துக்குப் பயிற்சி எழும்பூர் மியூசியத்து நடுகற்கள். அனுமதி கேட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் கல்லை ஒட்டிப் பிடியுங்கள். நேரே ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். கோடு தெரிய சாக்பீஸ் தேய்க்கும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. அதில் தெரிவது தேய்த்தவரின் ஊகம், சிற்பியின் கை இல்லை.

இனி காஸ்ஃபோர்த். இங்கிலாந்தின் கம்பிரியாவில், 10-ஆம் நூற்றாண்டுக் கல், சுமார் 4.4 மீட்டர் உயரம், கீழே உருளை, மேலே சதுரம். நாம் படங்களை வைத்துத்தான் வரைய வேண்டும். அவையோ முகங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடும். அதனால் நான்கு முகங்களையும் ஒரே அளவில் பிரிண்ட் எடுத்து, நீள அட்டைப்பெட்டியில் திசைப்படி ஒட்டுங்கள். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இதன் பிளாஸ்டர் நகல் இருக்கிறது. அதன் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கிழக்கு முகத்தின் கீழ்ப்பகுதியில் கைவிரித்த இயேசு. அவருக்குக் கீழே ஈட்டிக்காரனும், நீள உடையில் கொம்புக் கிண்ணம் ஏந்திய பெண்ணும். அதே முகத்தின் மேலே, ஓநாயின் தாடைக்குள் கால் வைத்து வாயைப் பிளக்கும் ஸ்காண்டிநேவியக் கடவுள் விதார். எதிர்ப்பக்கத்தில் அதே கதைகளின் வஞ்சகக் கடவுள் லோகி, கட்டுண்டபடி. பாம்பு விஷம் அவன்மேல் சொட்டாமல் மனைவி சிகின் கிண்ணம் பிடிக்கிறாள். இயேசு ஏன் விதாருக்குக் கீழே என்ற கேள்வி பெட்டி கையில் இருந்தால்தான் எழும்.

இது கைவந்தால் ஐல் ஆஃப் மேன் தீவின் தோர்வால்ட் கல். உடைந்த துண்டுதான், ஒரு தாளின் இரு பக்கம் போதும். ஒரு பக்கம் தோளில் பறவையுடன் ஸ்காண்டிநேவியக் கடவுள்களின் தலைவன் ஓடின், கால் ஓநாயின் வாயில். மறுபக்கம் சிலுவையும் புத்தகமும் ஏந்தியவர், அருகில் மீன். தாளை விளக்கெதிரே பிடித்தால் இருவரும் முதுகோடு முதுகாக நிற்பது தெரியும்.

பெயர்களைக் கடைசியில் எழுதுங்கள், அதுவும் பென்சிலில். முதலிலேயே ‘லோகி’ என்று எழுதிவிட்டால் கை லோகியைத்தான் வரையும்.