முட்டிவலிக்கார அம்மாவை எடிப்சோஸுக்கு அழைத்துப் போவது எப்படி

எடிப்சோஸ், கிரீஸின் எவியா தீவில் உள்ள வெந்நீர் ஊற்று ஊர். பட்டர்வொர்த் ஃபெரியில் பழகிய பினாங்குக்காரர்களுக்கு இந்தப் பயணம் சுலபம். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். ஏதென்ஸிலிருந்து சாலை வழியாக ஆர்கிட்சா போங்கள். அங்கிருந்து எவியா தீவுக்கு ஃபெரி, சுமார் 45 நிமிடம்.

ரோமத் தளபதி சுல்லா கால்வலிக்கு வந்து குளித்த ஊர் இது. அவர் பெயரில் உள்ள பழைய ஓட்டலை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். பக்கத்துக் கடற்கரையில் வெந்நீர் பாறை மேல் வழிந்து கடலில் விழுகிறது, காசில்லாமல்.

நேராக ஊற்றின் கீழே நிற்காதீர்கள், சுடும். கடல்நீர் கலக்கும் இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்து உட்கார வையுங்கள். துருநிறப் பாறை வழுக்கும், ரப்பர் செருப்பைக் கழற்ற வேண்டாம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி மெதுவாகக் காலை நீட்டினார். கால் மணி நேரம் போதும். அப்புறம் நிழலில் தண்ணீர் குடிக்க வையுங்கள். இரத்த அழுத்தம் இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.