தேர்ச்சிச் சோதனை வழங்குநர் அங்கீகாரத்தைத் தக்கவைத்தல்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஆய்வுகூடம் பிழை விட்டால் அந்தப் பிழை அதன் வாடிக்கையாளரைச் சென்றடையும். பல ஆய்வுகூடங்களுக்கு மாதிரிகளை அனுப்பி, அவை தரும் முடிவுகளை மதிப்பிடுகின்ற தேர்ச்சிச் சோதனை வழங்குநர் பிழை விட்டாலோ, பங்குபற்றிய அத்தனை ஆய்வுகூடங்களும் பிழையான மதிப்பீட்டைப் பெறுகின்றன. அவற்றுள் சில, தம்மிடம் இல்லாத குறைக்கு மூல காரணம் தேடிக் கருவியைத் திருத்தவும் ஊழியரைக் குற்றஞ்சாட்டவும் தொடங்கிவிடுகின்றன. வழங்குநருக்கென ஐ.எஸ்.ஓ./ஐ.ஈ.சி. 17043 என்ற தனி நியமம் இருப்பதற்கும், காலமுறைக் கணக்காய்வில் மதிப்பீட்டாளர்கள் கடுமையாக நடந்துகொள்வதற்கும் இதுவே காரணம்.

வழங்குநரின் தகைமையை மதிப்பிட்டு அங்கீகாரம் வழங்கும் சபைகள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ./ஐ.ஈ.சி. 17011 நியமத்தின்படி ஓர் அங்கீகாரச் சுழற்சி ஐந்து ஆண்டுகளை மீறக்கூடாது; நேரில் வந்து செய்யும் இரண்டு மதிப்பீடுகளுக்கிடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கவும் கூடாது. இந்த இடைவெளியை ஓய்வுக் காலமாகக் கருதுவதே நிறுவனங்கள் செய்யும் முதல் தவறு. கொழும்பிலுள்ள சபையிலிருந்து கடிதம் வந்த பின்னர் கோப்புகளைத் தேடி எடுத்து, விடுபட்ட கையொப்பங்களை ஒரே நாளில் இட்டு முடிக்கும் பழக்கம் அனுபவமுள்ள மதிப்பீட்டாளரிடம் எடுபடாது. அவர் பொதுவாக நடந்து முடிந்த ஒரு சுற்றை (மாதிரி தயாரிப்பு முதல் அறிக்கை வரையான ஒரு தடவையை) தெரிவு செய்து, திட்டமிட்டவர் யார், போத்தல்கள் எப்போது நிரப்பப்பட்டன, எந்த வெப்பநிலையில் வைக்கப்பட்டன, யார் கணித்தார், இறுதி அறிக்கைக்கு யார் அனுமதி அளித்தார் என்று தொடக்கத்திலிருந்து முடிவு வரை தொடர்ந்து செல்வார். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், மற்றக் கோப்புகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

வன்னியில் குடிநீர்ப் பரிசோதனைக்கான தேவை பெரியது. வவுனியாவின் பல கிணறுகளில் புளோரைட்டு கூடுதலாக இருப்பதும், வறண்ட வலயத்தில் சிறுநீரக நோய் பரவியிருப்பதும் எல்லோரும் அறிந்தவை. குடிநீரில் புளோரைட்டுக்கு எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கை நியமம் விதிக்கும் எல்லை லீற்றருக்கு 1.0 மில்லிகிராம் ஆகும். ஆகவே கிணற்று நீர் மாதிரிகளைக் கொண்ட ஒரு திட்டத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வாறான திட்டத்தில் மிகக் கூடுதலாகப் பிழை நேரும் இடம் மாதிரிகளின் ஒருசீர்த்தன்மைச் சோதனை, அதாவது எல்லாப் போத்தல்களிலும் ஒரே செறிவு இருக்கிறதா என்ற சோதனை. வழக்கமான முறைப்படி, நிரப்பிய போத்தல்களில் பத்தை எழுமாற்றாக எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளக்க வேண்டும். போத்தல்களுக்கிடையிலான நியம விலகல் (பரவலைக் காட்டும் அளவு), தேர்ச்சி மதிப்பீட்டுக்கென நிர்ணயித்த நியம விலகலின் 0.3 பங்கை மீறக்கூடாது என்று தேர்ச்சிச் சோதனைக்கான புள்ளியியல் நியமமான ஐ.எஸ்.ஓ. 13528 கூறுகிறது. நிர்ணயித்த நியம விலகல் 0.10 மில்லிகிராம் என்றால் எல்லை 0.03. சோதனையில் 0.05 வந்துவிட்டது, போத்தல்களோ பொதிசெய்து முடிந்துவிட்டன, அனுப்பும் திகதியும் அறிவித்தாயிற்று. இந்த நிலையில் பலர் அந்தத் தாளைக் கோப்பில் போட்டுவிட்டு மாதிரிகளை அனுப்பிவிடுகின்றனர். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட பெறுமானம் (மாதிரியின் சரியான பெறுமானமாக வழங்குநர் கொள்வது) 0.80, ஓர் ஆய்வுகூடத்தின் முடிவு 1.02 என்றால் அதன் இசட் புள்ளி (இவற்றின் வித்தியாசத்தை நிர்ணயித்த நியம விலகலால் வகுத்து வருவது) 2.2 ஆகி, 2 இற்கும் 3 இற்கும் இடைப்பட்ட எச்சரிக்கை வலயத்துக்குள் விழுகிறது. போத்தல்களுக்கிடையிலான வேறுபாட்டையும் சேர்த்து நியம விலகலை 0.1118 ஆக விரித்திருந்தால் அதே முடிவு 1.97 பெற்றுத் திருப்திகரமாகியிருக்கும். அந்த ஆய்வுகூடம் செய்த குற்றம் எதுவுமில்லை. மாதிரிகளை நிராகரித்து மீண்டும் தயாரிப்பது, அல்லது நியமம் அனுமதிக்கும் வகையில் நியம விலகலை விரித்து அதற்கான காரணத்தை எழுதி வைப்பது என இரண்டு வழிகள் உள்ளன. எதையும் செய்யாமல் விடுவதைக் கணக்காய்வு மன்னிப்பதில்லை, மன்னிக்கவும் கூடாது.

மாதிரி மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலைத்தன்மைச் சோதனை இதற்கு அடுத்தது. குளிரூட்டிய அறையில் இருந்த போத்தல் மாறவில்லை என்று காட்டினால் போதும் என்ற எண்ணம் சித்திரை வெயிலில் பொய்த்துவிடும். கிளிநொச்சியில் காலையில் ஏற்றிய பொதி மன்னாரையோ முல்லைத்தீவையோ சென்றடையும் வரை வாகனத்துக்குள் இருக்கும் சூட்டையும் சோதனை உள்ளடக்க வேண்டும். இருகாபனேற்று மிகுந்த கடின நீர் சூடாகும்போது கல்சியம் காபனேற்று படிந்து, போத்தலின் உட்சுவரில் மெல்லிய வெண்படலம் தெரியும்; படிந்த அளவுக்குக் கரைசலின் கடினத்தன்மை குறைந்துவிடும். பாதுகாக்கப்படாத நீரில் நைத்திரேற்றை நுண்ணங்கிகள் மாற்றிவிடும். புளோரைட்டு மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் வைக்கவே கூடாது. பொலித்தீன் போத்தல்தான் பொருத்தமானது. ஒரு போத்தலை வெப்பநிலைப் பதிவுக் கருவியுடன் உண்மையான வழியிலேயே அனுப்பி, திரும்பி வந்ததும் அளந்து பதிவு செய்துவிட்டால், இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே தாளில் பதில் இருக்கும். செலவு குறைந்த வேலையும் கூட.

வன்னிக்குரிய இன்னொரு சிக்கல் பங்குபற்றுநர்களின் எண்ணிக்கை. நான்கு மாவட்டங்களையும் சேர்த்தாலும் ஒரே அளவுருவைச் சோதிக்கும் ஆய்வுகூடங்கள் அதிகம் தேறமாட்டா. பங்குபற்றுநர்களின் முடிவுகளிலிருந்தே ஒதுக்கப்பட்ட பெறுமானத்தைக் கண்டால், அதன் நிச்சயமின்மை ஏறத்தாழ முடிவுகளின் வலுவான (விலகி நிற்கும் ஓரிரு முடிவுகளால் அதிகம் பாதிக்கப்படாத) நியம விலகலை 1.25 ஆல் பெருக்கி, பங்குபற்றுநர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து வருவதாகும். முடிவுகளின் பரவலும் நிர்ணயித்த நியம விலகலும் சமமாக இருக்கும்போது, இந்த நிச்சயமின்மை நிர்ணயித்த நியம விலகலின் 0.3 பங்கு என்ற எல்லைக்குள் நிற்பதற்குக் குறைந்தது 18 பேர் வேண்டும். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு சாதாரண இசட் புள்ளியை அறிக்கையிடுவது, புள்ளியியல் தெரிந்த மதிப்பீட்டாளரின் முன்னால் நிச்சயமாக நியமத்தோடு இணங்காமையாகும். குறைந்த எண்ணிக்கையைத் திட்டமிடும்போதே ஏற்றுக்கொண்டு, சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருளை (பெறுமானம் சான்றிதழில் தரப்பட்ட பொருளை) கொண்டோ அளந்து கலந்த தயாரிப்பைக் கொண்டோ பெறுமானத்தை நிர்ணயிப்பதே நேர்மையான வழி. அது முடியாதபோது நிச்சயமின்மையையும் உள்ளடக்கிய திருத்திய இசட் புள்ளியைப் பயன்படுத்த வேண்டும்.

நமது பிரதேசத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். ஒரே வகுப்பில் படித்தவர்களே இரண்டு ஆய்வுகூடங்களில் இருப்பர். எனவே பக்கச்சார்பின்மையும் இரகசியம் காத்தலும் இங்கே இரட்டிப்புக் கவனத்தைக் கோருகின்றன. முடிவு சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்னர், "அண்ணை, உங்கட பெறுமானம் கொஞ்சம் கூடவா இருக்கு, ஒருக்காப் பாருங்கோ" என்று தொலைபேசியில் சொல்வது உதவியாகத் தோன்றும். உண்மையில் அது அந்தச் சுற்று முழுவதையும் செல்லாததாக்கும் செயல். பங்குபற்றுநர்கள் தமக்குள் முடிவுகளை ஒப்பிடாதிருக்க, வெவ்வேறு செறிவுடைய இரண்டு தொகுதிகளைக் குறியீட்டு எண்களுடன் கலந்து அனுப்பலாம். வழங்குநரின் சொந்த ஆய்வுகூடமும் பங்குபற்றுமாயின், ஒதுக்கப்பட்ட பெறுமானத்தை அறிந்தவர் அந்த மாதிரியைத் தொடக்கூடாது. யார் எதைப் பார்க்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

கணிப்புத் தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்செல் கோப்பை ஒருவர் எழுதி, இன்னொருவர் பிரதி செய்து, மூன்றாமவர் ஒரு வரியைச் சேர்க்கும்போது வாய்ப்பாடு கடைசி ஆய்வுகூடத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு பதிப்பையும் தெரிந்த தரவு கொண்டு சரிபார்த்து, கலங்களைப் பூட்டி வைக்க வேண்டும். முடிவுப் படிவத்தில் அலகைத் தெளிவாக எழுதாமல் விடுவதும் இதே வகைத் தவறுதான்: நைதரசனாக 10 மில்லிகிராம் என்பது நைத்திரேற்றாக ஏறத்தாழ 44 மில்லிகிராம். படிவம் தெளிவாக இல்லாததால் ஓர் ஆய்வுகூடம் தவறினால், அந்தத் தவறு வழங்குநருடையதே.

ஒருசீர்த்தன்மை அளவீட்டை வெளி ஆய்வுகூடமொன்றிடம் ஒப்படைக்கலாம்; அதன் தகைமைக்கான சான்று கோப்பில் இருக்க வேண்டும். திட்டமிடல், செயலாற்றுகையை மதிப்பிடல், அறிக்கைக்கு அனுமதி அளித்தல் ஆகியவற்றை மட்டும் எவரிடமும் ஒப்படைக்கக்கூடாது. அங்கீகார நோக்கெல்லைக்குள் (அங்கீகாரம் பெற்ற அளவுருக்களின் பட்டியலுக்குள்) இல்லாத அளவுரு ஒன்றின் முடிவை அங்கீகாரச் சின்னம் பதித்த அறிக்கையில் வேறுபடுத்திக் காட்டாமல் சேர்ப்பதும் பாரதூரமானது.

உள்ளகக் கணக்காய்வைத் திட்டத்தை வடிவமைத்தவரே செய்வதும், கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு இணங்காமைக்கும் "ஊழியருக்குப் பயிற்சி வழங்கப்பட்டது" என்று ஒரே திருத்த நடவடிக்கையை எழுதுவதும் சிறிய நிறுவனங்களின் நோய். மூன்று சுற்றுகளில் அறிக்கை தாமதமானால், பயிற்சிக் குறைபாட்டை விடத் தரவை உள்ளிடுபவர் ஒருவரே இருப்பது காரணமாக இருக்கலாம். அப்படியாயின் இரண்டாவது ஆளை நியமிப்பதுதான் நடவடிக்கை. மதிப்பீட்டாளர் முந்திய கண்காணிப்பில் எழுதிய குறையையே இந்தத் தடவையும் கண்டால், அங்கீகாரம் இடைநிறுத்தப்படும் ஆபத்து உண்மையாகிறது.

17043 நியமத்தின் 2010 ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பதிலாக 2023 மே மாதத்தில் புதிய பதிப்பு வெளியானது. மாறிக்கொள்ள மூன்று ஆண்டுகள் தரப்பட்டன. பழைய கைந்நூலின் பிரிவு எண்களை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுவது தவறு. புதிய பதிப்பு பக்கச்சார்பின்மைக்கான ஆபத்துகளை இனங்கண்டு கையாளுமாறு கோருகிறது. மேலே சொன்ன தொலைபேசி அழைப்பும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டியதே.

அரச திணைக்களங்களில் இத்தகைய திட்டத்தை நடத்துவோர் இடமாற்றத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். தொழில்நுட்பப் பொறுப்பாளர் வவுனியாவிலிருந்து வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டால் அந்த மாற்றத்தை அங்கீகாரச் சபைக்குத் தாமதமின்றி எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவருக்குப் பதிலாக வருபவரின் தகைமையைப் பதிவுகளோடு நிறுவ வேண்டும். அது நிறைவேறும் வரை அவர் கையொப்பமிட வேண்டிய அறிக்கைகளை வெளியிடாமல், அடுத்த சுற்றின் திகதியைத் தள்ளிவைத்துப் பங்குபற்றுநர்களுக்கு அறிவிப்பதே முறையாகும்.