கறுப்பு பிரைமரைச் சுரண்ட வேண்டாம்

மினியேச்சர் பொம்மைக்குக் கறுப்பு பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகு மஞ்சள் பெயிண்ட் பூசத் தோன்றினால், பழையதைச் சுரண்ட வேண்டாம். பொம்மையின் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை பிரைமரை மெல்லியதாக ஒரு முறை அடியுங்கள். மஞ்சளுக்கு அடிநிறத்தை மறைக்கும் திறன் குறைவு. நேரே கறுப்பின் மேல் பூசினால் பாசி படிந்தாற்போல் பச்சையடிக்கும். வெள்ளையின் மேல் இரண்டு மூன்று பூச்சில் பளிச்சென்று நிற்கும். அங்கியின் மடிப்பிலும் அக்குளிலும் வெள்ளை எட்டாமல் கறுப்பு தங்கிவிடுவதால் நிழல் தீட்டும் வேலையும் பாதி மிச்சம். எனக்குப் பிடித்தது இந்த லாபம்தான். ஏற்கெனவே தடிமனாகப் பூசி, கண்ணும் விரலும் மழுங்கிப்போன பொம்மைக்கு இது உதவாது. பெயிண்டை முழுக்க நீக்கித்தான் ஆக வேண்டும். ஈரக்காற்று வீசும் மழை நாளில் ஸ்பிரே டப்பாவைத் தொடாதீர்கள், பரப்பு சொரசொரத்துப் போகும்.